கஷ்டப் பிரதேசக் கணக்கும் வியன்னா நகரமும்

'உலகில் வாழச் சிறந்த நகரங்கள்' என்று ஆண்டுதோறும் பட்டியல் போடுகிறார்கள். எக்கொனமிஸ்ற் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு வெளியிடும் பட்டியலில் 2011 முதல் 2017 வரை மெல்பேர்ண் முதலிடம். 2018இல் வியன்னா அதைப் பிடித்தது. நாம் வாழும் ரொறன்ரோவோ சூரிச்சோ மேலே வந்துவிட்டால் நமக்கும் ஒரு பெருமிதம்.

ஆனால் இந்தக் கணக்கு யாருக்காகத் தொடங்கியது? பல்தேசியக் கம்பனிகள் தமது அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு மேலதிகமாகக் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கத்தான். ஊரில் ஆசிரியர்களுக்குக் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு இருந்ததே, அதுபோல. நூற்றுக்கு 80க்கு மேல் புள்ளி பெற்ற நகரமென்றால் ஒன்றுமில்லை. 50உம் அதற்குக் கீழும் என்றால் சம்பளத்தில் 20 வீதம். நல்ல வீடு கிடைக்குமா என்று பார்ப்பார்கள், வாடகை எவ்வளவு என்று பார்ப்பதில்லை. அதைக் கம்பனி கட்டும்.

வேடிக்கை என்னவென்றால், வியன்னாவை வியன்னாவாக்கியதே வாடகைப் பிரச்சினைதான். முதலாம் உலகயுத்தத்தின் பின் 1919இல் சமூக ஜனநாயகவாதிகள் மாநகரசபையைக் கைப்பற்றினார்கள். நிதிப் பொறுப்பிலிருந்த ஹியூகோ பிரைற்னர் 1923இல் வீடமைப்பு வரியைக் கொண்டுவந்தார். தொழிலாளியின் அறைக்குச் சில்லறை, மாளிகைக்குப் பெருந்தொகை. ஒன்றுக்கு மேற்பட்ட வேலைக்காரரை வைத்திருந்தவர்களும் தனி வரி கட்டினார்கள். (பணக்காரர்கள் அவரை எவ்வளவு வெறுத்திருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.) 1934க்குள் 60,000க்கும் அதிகமான வீடுகள் எழுந்தன. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. 1934 பெப்ரவரியில் அரசாங்கம் அதன்மீது பீரங்கியால் சுட்டது. 1938இல் நாஜிகள் வந்ததும் இந்த மாநகரசபை வீடுகளிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டார்கள்.

யுத்தத்தின் பின்னும் வீடுகள் கட்டப்பட்டன. ஒஸ்திரியா 1964இல் துருக்கியுடனும் 1966இல் யூகோஸ்லாவியாவுடனும் ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை அழைத்தது. வந்தவர்கள் அந்த நகரத்தைக் கட்டினார்கள், கூட்டினார்கள். மாநகரசபை வீடு மட்டும் அவர்களுக்கில்லை. பழைய கட்டடங்களில் நெரிசலும் அதிக வாடகையும்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து நீண்டகாலம் தங்கியவர்களுக்கு 2006இல்தான், அதுவும் ஒன்றியத்தின் சட்டம் நெருக்கியதால், அந்தக் கதவு திறந்தது. முதல் ஒப்பந்தத்திலிருந்து எண்ணினால் நாற்பது வருடத்துக்கும் மேல்.

இன்று வியன்னாவில் வாக்களிக்கும் வயதுடையோரில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு ஒஸ்திரியக் குடியுரிமை இல்லை. வீட்டைக் கொடுக்கும் அந்த மாநகரசபையைத் தெரிவுசெய்ய அவர்களுக்கு வாக்கில்லை.