பெனலக்ஸ்: எல்லைக்கோடுகளை வைத்து ஒரு கார்ப் பயணத் திட்டம்

பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றையும் கூட்டினால் ஏறக்குறைய 75,000 சதுர கிலோமீட்டர்தான் வரும். தமிழ்நாடு 1,30,000. அதாவது நம் மாநிலத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அதற்குள் மூன்று நாடு, மூன்று அரச குடும்பம், நாலைந்து மொழி. அடுத்த கோடை விடுமுறையில் நாங்கள் நாலு பேரும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் இங்கே சுற்றலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. திட்டம் போடும் வேலை என் தலையில்.

வழக்கமான பட்டியல் எல்லோருக்கும் தெரியும்: ஆம்ஸ்டர்டாம் கால்வாய், பிரஸ்ஸல்ஸ் சாக்லேட், காற்றாலை. அதெல்லாம் இருக்கட்டும், நடுவில் இருக்கும் எல்லைகளைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் உடனே கேள்வி வந்தது: "ஏங்க, ஒரு கோட்டைப் பார்க்கவா இவ்வளவு செலவு பண்ணிப் போறோம்? அதுவும் அங்க இல்லாத கோட்டை?" நியாயமான கேள்வி. நான் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதியதுதான் இந்தப் பதிவு.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மூன்று நாட்டுக்கும் சேர்த்து ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் சம நாளாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆகவே ஹோட்டல் போடுவதற்கு முன்பே இரவுகளை எண்ணிவிடுங்கள். இந்த விசாவுக்குப் பெயர் கொடுத்த ஊரிலேயே பயணத்தை ஆரம்பிப்பதாகத் திட்டம்.

ஷெங்கன்: ஆற்றில் போட்ட கையெழுத்து

ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கின் தென்கிழக்கு மூலையில், மோசல் ஆற்றங்கரையில் உள்ள திராட்சைத் தோட்டக் கிராமம். அக்கரை ஜெர்மனி. கொஞ்சம் தெற்கே நடந்தால் பிரான்ஸ். 1984-இல் எல்லைச் சோதனைகளில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்து வெறுத்துப்போன லாரி ஓட்டுநர்கள் சாலைகளை மறித்தார்கள். அந்த நெருக்கடியும் சேர்ந்துதான் அரசுகளை நகர வைத்தது. 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் இங்கே 'பிரின்செஸ் மாரி-ஆஸ்ட்ரிட்' என்ற கப்பலில் கூடி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அன்று ஐரோப்பியச் சமூகத்தில் பத்து நாடுகள், கையெழுத்திட்டவை பாதிதான். சோதனைகள் நிஜமாகவே நின்றது 1995 மார்ச் 26-இல்.

ஏன் கப்பலில்? மோசல் ஆறு அந்த இடத்தில் ஒரு விசித்திரம். 1816-இலிருந்து, லக்சம்பர்க்குக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஓடும் பகுதி முழுவதும் இரு தரப்புக்கும் கூட்டுச் சொத்து. ஆற்றின் நடுவில் கோடு கிடையாது. தண்ணீரில் நிற்பவன் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டிலும் நிற்கிறான்.

மார்ட்டலாஞ்ச்: ஒரு சாலைக்காக வளைந்த நாடு

லக்சம்பர்க் நகரில் ஒரு நாள். 2020 மார்ச்சிலிருந்து நாடு முழுக்கப் பேருந்து, டிராம், ரயில் இலவசம் என்பதால் காரை ஊர் எல்லையில் விட்டுவிடலாம். பிறகு மேற்கே பெல்ஜியத்துக்குள் போகும்போது மார்ட்டலாஞ்ச் என்ற ஊரில் பெட்ரோல் போட நிறுத்துகிறோம். அங்கே நெடுஞ்சாலை பெல்ஜியத்துக்குச் சொந்தம். சாலையின் ஒரு பக்கத்தில் வரிசையாக நிற்கும் பெட்ரோல் பங்குகள் லக்சம்பர்க். லக்சம்பர்க்கில் எரிபொருள் வரி குறைவு, அதனால் அந்தப் பக்கம் மட்டும் பங்குகள். கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போகும்போது மாநிலம் மாறியதைப் பெட்ரோல் விலையில் தெரிந்துகொள்வோமே, அதே கதை.

இது எப்படி வந்தது? 1815-இல் வியன்னா மாநாடு லக்சம்பர்க்கைத் தனி டச்சியாக்கி நெதர்லாந்து மன்னரிடம் கொடுத்தது. 1830-இல் பெல்ஜியம் புரட்சி செய்து நெதர்லாந்திலிருந்து பிரிந்தது. பேச்சு இழுத்துக்கொண்டே போய், 1839-இல் லண்டன் ஒப்பந்தத்தில் லக்சம்பர்க்கை இரண்டாக வெட்டினார்கள். பெரிய துண்டு பெல்ஜியத்துக்கு. இன்றும் பெல்ஜியத்தில் 'லக்சம்பர்க்' என்றொரு மாகாணம் இருக்கிறது. பரப்பு 4,400 சதுர கி.மீ.க்கு மேல். லக்சம்பர்க் நாடோ 2,586 தான்! அந்த வெட்டில், ஆர்லோனிலிருந்து பாஸ்டோன் போகும் சாலை தன் பக்கமே இருக்க வேண்டும் என்பதில் பெல்ஜியம் உறுதியாக இருந்தது. கோடு சாலையை ஒட்டியே போனது. கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த வீடுகள் வேறு நாடு.

பெல்ஜியத்தில் ஓட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வழிகாட்டிப் பலகைகளில் ஊர்ப் பெயர்கள் அந்தந்தப் பகுதியின் மொழியில்தான் இருக்கும். லியேஜ் என்ற ஊர் டச்சுப் பகுதியில் 'லோய்க்', ஜெர்மன் பகுதியில் 'லூட்டிஹ்'. மூன்றும் ஒரே ஊர். அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி முன் இருக்கையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கெல்மிஸ்: 104 வருடம் யாருக்கும் சொந்தமில்லாத ஊர்

வடக்கே போனால் வால்ஸ் என்ற டச்சு ஊருக்கு மேலே ஒரு குன்று. உயரம் 322 மீட்டர்தான். நெதர்லாந்தின் ஐரோப்பிய நிலப்பரப்பில் அதுவே சிகரம்! அங்கே நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி மூன்றும் ஒரு கல்லில் சந்திக்கின்றன. ஒரு காலத்தில் அது நான்கு நாடு சந்திக்கும் இடமாக இருந்தது.

நான்காவது, நடுநிலை மோரெஸ்நெட். நெப்போலியன் தோற்றபின் பிரஷ்யாவும் நெதர்லாந்தும் எல்லை பிரித்தபோது கெல்மிஸ் என்ற ஊரிலிருந்த துத்தநாகச் சுரங்கத்தை இருவருமே விடத் தயாராக இல்லை. 1816-இல் ஆஹன் நகரில் ஒரு சமரசம் செய்தார்கள்: சுரங்கம் இருக்கும் சுமார் மூன்றரை சதுர கி.மீ. மட்டும் இருவருக்கும் பொது, தற்காலிகமாக. எங்கள் தொழிலில் 'இப்போதைக்கு இப்படி இருக்கட்டும், அப்புறம் சரி செய்யலாம்' என்று எழுதும் நிரல்தான் வருடக்கணக்கில் ஓடும். இதுவும் அப்படித்தான், 1920 வரை ஓடியது. 1830-க்குப் பிறகு நெதர்லாந்தின் இடத்தில் பெல்ஜியம் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான் மாற்றம். 1816-இல் 256 பேர் இருந்த இடத்தில் 1914-இல் 4,600 பேருக்கு மேல். வரி குறைவு, வேலை உண்டு. 1880-களில் சுரங்கம் தீர்ந்துபோனது. 1908-இல் டாக்டர் வில்ஹெல்ம் மோலி என்பவர் முன்னின்று, இதை எஸ்பெராண்டோ பேசும் நாடாக்கி 'அமிகேயோ' என்று பெயர் வைக்கவும் பார்த்தார். 'நட்பின் இடம்' என்று பொருள்.

ஆறே வருடத்தில் ஜெர்மன் படை இந்த வழியாக வந்தது. கெல்மிஸில் 1900-இல் பிறந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிறந்தது நடுநிலை மோரெஸ்நெட். 1915-இல் பிரஷ்யா. 1920-இல் வெர்சாய் ஒப்பந்தப்படி பெல்ஜியம். 1940-இல் ஹிட்லரின் ஜெர்மனி. 1944-இல் மறுபடி பெல்ஜியம். வீட்டைவிட்டு ஒரு அடி நகராமலே இத்தனையும். இன்று அது பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழிச் சமூகப் பகுதியில் இருக்கிறது.

அருகிலேயே பிள்ளைகளுக்காக அரை நாள் சைக்கிள். ஆஹனிலிருந்து லக்சம்பர்க்கின் வடக்கு முனை வரை 125 கி.மீ. நீளும் ஃபென்பான் பாதை, ஒரு பழைய ரயில் தடம். பிரஷ்யா போட்ட பாதை. முதல் உலகப்போருக்குப் பின் தண்டவாளமும் அது கிடந்த பட்டையான நிலமும் பெல்ஜியத்துக்குக் கொடுக்கப்பட்டன. தடத்துக்கு மேற்கே மாட்டிக்கொண்ட ஜெர்மன் நிலங்கள் தனித் துண்டுகளாகின. ரயில் நின்று தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்தும் ஆயிற்று. ஆனாலும் அந்தச் சைக்கிள் பாதை இன்றும் பெல்ஜியம், இருபுறமும் ஜெர்மனி.

பார்ல: முன்வாசல் எந்த நாட்டில்?

கடைசியாகப் பார்ல. எட்டாவது படிக்கும் மகள் இதற்காக மட்டும்தான் என் திட்டத்துக்கு ஓட்டுப் போட்டாள். நெதர்லாந்துக்குள் பெல்ஜியத் துண்டுகள் 22, அவற்றுக்குள் மறுபடி நெதர்லாந்துத் துண்டுகள் 7. கோடு கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் போகிறது. ஒரு வீடு எந்த நாடு என்பதை முன்வாசல் இருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்வது வழக்கம். "அப்பா, வாசல மாத்தி வச்சா நாடு மாறிடுமா?" என்றாள். மாறும்.

இதன் வேர் 1198-இல். பிரபான்ட் டியூக் முதலாம் ஹென்றி, பிரேடாவின் பிரபுவுக்கு இந்தப் பகுதியில் நிலம் கொடுத்தபோது, தனக்கு வரும்படி தந்துகொண்டிருந்த நிலங்களை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். பிரேடா பிறகு நாசாவ் குடும்பத்துக்குப் போனது. ஆகவே ஒன்று பார்ல-ஹெர்டோக், அதாவது 'டியூக்கின் பார்ல', மற்றது பார்ல-நாசாவ். 1843-இல் எல்லை ஒப்பந்தம் எழுத வந்தவர்களால் இங்கே ஒரு கோடு இழுக்கவே முடியவில்லை. 5,732 நிலத்துண்டுகளை ஒவ்வொன்றாக, இது இவர்களுக்கு இது அவர்களுக்கு என்று எழுதிவைத்தார்கள். அதிலும் இரண்டு துண்டுக்கு ஒரு பிரதியில் ஒரு மாதிரியும் இன்னொரு பிரதியில் வேறு மாதிரியும் இருக்க, வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போய் 1959-இல் பெல்ஜியத்துக்குத் தீர்ப்பானது.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் முதல் உலகப்போரில் இந்தச் சிக்கல்தான் பார்ல-ஹெர்டோக்கைக் காப்பாற்றியது. பெல்ஜியத்தின் பெரும்பகுதி ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது, நடுநிலை நெதர்லாந்தைத் தாண்டாமல் ஜெர்மன் படையால் இந்தத் துண்டுகளுக்குள் நுழைய முடியவில்லை. 1915-இல் இங்கே ஒரு வானொலி நிலையத்தை அமைத்துத் தகவல் அனுப்பினார்கள்.

2,000 வோல்ட்

1914 அக்டோபரில் ஆன்ட்வெர்ப் விழுந்தபோது சுமார் பத்து லட்சம் பேர் நெதர்லாந்துக்கு ஓடினார்கள். அதன் பிறகும் இளைஞர்கள் எல்லை தாண்டி, இங்கிலாந்து வழியாகப் பெல்ஜியப் படையில் சேரப் போய்க்கொண்டிருந்தார்கள். கடிதங்களும் உளவுச் செய்திகளும் போயின. இதை நிறுத்த 1915-இல் ஜெர்மன் படை எல்லை நெடுக வேலி போட்டது. வால்ஸ் பக்கத்திலிருந்து மேற்கே 300 கி.மீ.க்கு மேல். கம்பியில் சுமார் 2,000 வோல்ட் மின்சாரம்.

அந்தக் கிராமத்து மக்களில் பலர் வீட்டில் மின்விளக்கே பார்த்திராதவர்கள். கம்பி ஆளைக் கொல்லும் என்று எப்படி நம்புவார்கள்? நூற்றுக்கணக்கானோர் அதில் கருகிச் செத்தார்கள். கூட்டிக்கொண்டு போக வழிகாட்டிகள் வந்தார்கள். கம்பிகளுக்கு நடுவே மரச்சட்டத்தையோ அடிப்பாகம் இல்லாத பீப்பாயையோ செருகி, அதற்குள் புகுந்து போனார்கள். எல்லையோரச் சில ஊர்களில் அந்த வேலியின் சிறு பகுதியை மாதிரிக்கு மறுபடி நட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே கட்டாயம் நிறுத்தப்போகிறேன்.

கோடே இல்லாத இடத்துக்கு ஏன் போகிறோம் என்ற கேள்விக்கு என் பதில் இந்த வேலிதான். கோடு தானாக மறையவில்லை. 1944 செப்டம்பர் 5 அன்று, நாடுகடந்து லண்டனில் இருந்த மூன்று அரசுகளும் சுங்க ஒன்றியத்துக்குக் கையெழுத்திட்டன. பிரஸ்ஸல்ஸ் விடுபட்டு இரண்டே நாள் ஆகியிருந்தது. நெதர்லாந்து இன்னும் எதிரி கையில். அது 1948-இல் நடைமுறைக்கு வந்தது. 1960-இல் மூன்று நாட்டுக்கும் இடையே பாஸ்போர்ட் சோதனை போனது. ஷெங்கன் அதற்கும் 25 வருடம் கழித்து. மின்வேலியைச் சின்ன வயதில் பார்த்தவர்கள், தங்கள் முதுமைக்குள் அதே இடத்தைக் காரில் நிற்காமல் கடந்தார்கள்.

வந்தது போகவும் செய்யும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஜெர்மனி லக்சம்பர்க் எல்லையில் சோதனை வைத்தது, ஷெங்கனின் 25-ஆவது ஆண்டு நிறைவுக்குப் பத்து நாள் முன்பு. பார்லவில் கோடு நடுவே ஓடும் ஒரு கடையில் பெல்ஜியப் பக்கத்தை மட்டும் மூடிவைத்தார்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை செய்கிறது. டிசம்பரில் நெதர்லாந்தும் தொடங்கியது. 'தற்காலிகம்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குக் கெல்மிஸில் என்ன ஆயுள் என்று மேலே பார்த்தோம்.

ஆக, போகிறவர்களுக்கு என் குறிப்பு மூன்றுதான். வாடகைக் காரை மற்ற நாட்டுக்கு ஓட்ட அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். நெதர்லாந்து நெடுஞ்சாலையில் பகலில் வேகம் 100-ஐத் தாண்டாதீர்கள். எல்லையில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடாமல், கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.