புலியும் ஈற்றடியும்

வெண்பா புலவருக்குப் புலி என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஒரு சீரின் வாய்பாட்டைக் கொண்டே அடுத்த சீர் நேரசையில் தொடங்க வேண்டுமா நிரையசையில் தொடங்க வேண்டுமா என்று கட்டிப்போடும் வெண்டளையும், மூன்றே சீரில் நின்றுவிடும் ஈற்றடியும், நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் அடங்க வேண்டிய கடைசிச் சீரும் சேர்ந்து அதற்கு இந்தப் பெயரை வாங்கித் தந்தன. ஆயினும், ஈற்றடியைப் பிறர் கொடுக்க, முன்னேற்பாடின்றி அவையிலேயே பாட்டை முடித்துக்காட்டும் வழக்கம் இந்தப் புலியைச் சுற்றித்தான் வளர்ந்தது.

அவ்வழக்கத்தின் முதிர்ந்த வடிவம் அவதானம். கவனம் என்று பொருள்படும் இவ்வடசொல், ஒரே வேளையில் எட்டுச் செயல்களில் கவனம் வைப்பதாயின் அட்டாவதானம் என்றும், பத்தாயின் தசாவதானம், பதினாறாயின் சோடசாவதானம், நூறாயின் சதாவதானம் என்றும் விரியும். ஒருவர் அவதானியின் முதுகில் அவ்வப்போது நெல்லையோ சிறு கல்லையோ எறிவார், ஒருவர் மணியடிப்பார், ஒருவர் சதுரங்கக் காய் நகர்த்துவார், இன்னொருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். இறுதியில் எறிந்த கல்லும் அடித்த மணியும் எத்தனை என்று பிசகாமல் சொல்ல வேண்டும். வெண்பாவும் தளை தட்டக் கூடாது. தெலுங்கு நாட்டு அவதானத்தில், தொடர்பில்லாத பேச்சால் குறுக்கிடுவதற்கென்றே ஒருவரை அமர்த்தி, அதற்கு அப்பிரஸ்துதப் பிரசங்கம் என்று பெயரும் வைத்திருந்தனர். அவரிடம் அவதானி எரிந்து விழக் கூடாது, நகைச்சுவையாகவே மறுமொழி சொல்ல வேண்டும். இடையூறு செய்பவருக்கும் ஆசனம் போட்டுவைத்த கலைகள் அதிகம் இல்லை.

இந்த நகைப்புக்கு நேர்மாறானது, 15ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் காளமேகப் புலவரைப் பற்றிய எமகண்டக் கதை. காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில் அதிமதுரகவிராயரின் அறைகூவலை ஏற்ற காளமேகம், கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கு மேல் தொங்கிய உறியில் அமர்ந்து, கழுத்திலும் இடுப்பிலும் கட்டிய கத்திகளின் சங்கிலிகளை யானைகள் இழுக்கக் காத்திருக்க, கேட்டதையெல்லாம் பாடினார் என்கிறது அது. கர்ணபரம்பரையாக வந்த இத்தகைய கதைகளை 19ஆம் நூற்றாண்டில் ‘விநோதரச மஞ்சரி’யில் தொகுத்தவர், அட்டாவதானம் என்ற பட்டத்தோடு அறியப்பட்ட வீராசாமிச் செட்டியார். உயிரச்சம் கற்பனையைக் கூர்மையாக்கும் என்ற நம்பிக்கை கேட்போருக்குச் சுவையானதே; பாடுபவரின் அனுபவம் அதுவாக இருந்திருக்குமா என்பது ஐயம்.

உளவியல் சோதனை ஒன்று இந்த ஐயத்துக்குத் துணைநிற்கிறது. பெட்டி நிறையக் குத்தூசி, மெழுகுவத்தி, தீக்குச்சி ஆகியவற்றைக் கொடுத்து, மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்தச் சொல்லும் புதிரை ஜெர்மானிய அறிஞர் கார்ல் டுங்கர் வகுத்தார். பெட்டியைக் காலிசெய்து அதையே தாங்கியாகச் சுவரில் குத்துவது விடை. சாம் குளுக்ஸ்பர்க் 1962இல் வெளியிட்ட ஆய்வில், பணப்பரிசு அறிவிக்கப்பட்டவர்களே இதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டனர். குத்தூசிகளைப் பெட்டிக்கு வெளியே வைத்துக் கொடுத்தபோதோ பரிசு அவர்களை விரைவுபடுத்தியது. வழி தெரிந்த வேலைக்கு நெருக்கடி உதவும், பார்வையே மாற வேண்டிய வேலைக்கு அது தடையாகும் என்று இதைக் கொள்ளலாம். கல்லெண்ணுவது முதல் வகை. ஈற்றடி இரண்டாம் வகை.

காளமேகத்தின் பெயரில் வழங்கும் இன்னொரு செய்தி இரண்டாம் வகையை நன்கு விளக்குகிறது. செருப்பு என்று தொடங்கி விளக்குமாறு என்று முடியும் வெண்பாவை முருகன் மேல் பாடச் சொன்னார்களாம். இரண்டும் வீட்டு வாசலோடு நிற்கும் பொருள்கள் என்ற எண்ணத்திலேயே மனம் தங்கினால் பாட்டு எழாது. செரு என்றால் போர். செருப்புக்கு என்பதைச் செருவில் புக்கு, அதாவது போரில் புகுந்து, என்று பிரித்ததும் செருப்பு மறைந்து போர்க்களம் வருகிறது. விளக்கும் ஆறு, அதாவது விளக்கும் வகை, என்று பிரித்ததும் துடைப்பம் மறைகிறது. நிகண்டுகளை, அதாவது ஒருபொருட் பன்மொழிகளையும் பலபொருள் ஒருசொற்களையும் செய்யுளில் தொகுத்த அகராதிகளை, இளமையிலேயே மனப்பாடம் செய்தவனுக்கு எந்தச் சொல்லும் ஒரே துண்டாகத் தெரிவதில்லை. வெண்பாவின் நெருக்கமும் இங்கே அவனுக்குத் துணையாகிறது: எதுகையும் தளையும் பொருந்தாச் சொற்களைத் தாமே தள்ளிவிடுவதால், தேட வேண்டிய பரப்பு சுருங்குகிறது. வெளியிலிருந்து சுவராகத் தெரிவது உள்ளேயிருப்பவனுக்குக் கைப்பிடி.

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து அப்பட்டத்தைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். இஸ்லாமியரான அவருக்கு அவையொன்றில், துருக்கனுக்கு இராமனே துணை என்ற கருத்தமைந்த ஈற்றடி கொடுக்கப்பட்டதாகச் செய்தி வழங்குகிறது. துருக்கன் என்பது அக்காலத்தில் இஸ்லாமியரைக் குறித்த சொல் ஆகையால், மறுத்தால் தோல்வி, பாடினால் தன் சமயத்துக்கே எதிராகப் பாடியதாகும் என்ற நிலை. பாவலர் இராமனின் தம்பியரைப் பாடிக்கொண்டு வந்து, மூன்றாம் அடியைச் ‘சத்’ என்ற ஓசையில் நிறுத்தினார். அடுத்த அடியின் முதற்சொல் அதனோடு ஒட்டிச் சத்துருக்கன் ஆயிற்று. கொடுத்த ஈற்றடியில் ஓர் எழுத்தும் மாறவில்லை.