பள்ளியில் சமூகத் திறன் பயிற்சி: ஆட்டிசமும் பேரணாம்பட்டு வட்டாரமும்

ஆட்டிசம் உள்ள குழந்தை மற்ற பிள்ளைகளோடு பழகப் பள்ளியிலேயே தரப்படும் உதவியே சமூகத் திறன் பயிற்சி. தன் முறை வரும்வரை காத்திருப்பது, விளையாட்டில் சேர்த்துக்கொள்ளக் கேட்பது, வேண்டாம் என்று சொல்வது, கூச்சல் தாங்காதபோது ஆசிரியரிடம் தெரிவிப்பது முதலியன இதில் அடங்கும். கண்ணைப் பார்த்துப் பேசவைப்பதையே பயிற்சியாக நினைப்பவர்கள் உண்டு. குழந்தைக்கு அது பெரும்பாலும் வீண் தொல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 குறைபாட்டு வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற பிள்ளைகள் 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். சான்றுக்கான இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. இடைவேளையில் அந்தப் பிள்ளை யாரோடு நிற்கிறது என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது.

பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்தில் உள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மனநலப் பிரிவு வேலூரை அடுத்த பாகாயத்தில் இயங்குகிறது. அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் வந்துபோவார்கள். பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியவர்கள் என்பதால் அன்றாட வேலை வகுப்பாசிரியர் தலையில்தான் விழும்.

தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பேரணாம்பட்டில் உருது, தெலுங்கு பேசும் வீடுகள் பல. தமிழ்வழி வகுப்பில் படிக்கும் பிள்ளைகளும் மைதானத்தில் வேறு மொழிக்கு மாறலாம். ஆகவே, ‘என்னையும் சேத்துக்கோ’ என்பதைப் பாடமொழியில் மட்டும் பழக்கிப் பயனில்லை. அவர்கள் விளையாடும் மொழியில் பழக்க வேண்டும்.

1991இல் கரோல் கிரே அறிமுகப்படுத்திய சமூகக் கதைகள் செலவில்லாத வழி. சத்துணவு வரிசையில் என்ன நடக்கும், நெரிசலானால் என்ன செய்யலாம் என்று நான்கைந்து படங்களில் வரைந்து முன்கூட்டியே காட்டலாம்.

ஆனால் குழந்தையை மட்டும் திருத்துவது பாதி வேலைகூட இல்லை. அமெரிக்காவில் கானி கசாரி குழுவினர் 60 குழந்தைகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்புத் தோழர்களைப் பழக்கியது குழந்தைக்குத் தனியே பயிற்சி தந்ததைவிடக் கூடுதல் பலன் தந்தது. புரியாமை இருபக்கமும் உண்டு என்று அதே ஆண்டு எழுதிய டேமியன் மில்டன் தாமே ஆட்டிசம் உள்ளவர். சிறப்பாசிரியர் எப்போதாவது வரும் பள்ளிக்குத் தோழர் வழியே பொருந்தும். இரண்டு மூன்று பிள்ளைகளை மாற்றி மாற்றித் துணையாக விட வேண்டும். இல்லையெனில் அமைதியான ஒரு பெண்பிள்ளை ஆண்டு முழுவதும் காவலாளியாகிவிடுவாள்.