எண் பஞ்சம்

சுரண்டையில் ஒரு வீட்டு வைஃபை பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், அடிச்சீட்டில் பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும். பாவூர்சத்திரத்திலும் சிகாகோவிலும் இதே எண் உண்டு. இது வீட்டுக்குள் புழங்கும் முகவரி எண். வாசல் தாண்டினால் செல்லாது.

வாசலுக்கு வெளியே செல்லுபடியாகும் எண்ணின் கதை 1977-இல் தொடங்குகிறது. இணையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான வின்ட் செர்ஃப், அதை ஒரு சோதனையாகவே கருதி, முகவரிக்கு 32 பிட் போதும் என்று முடிவெடுத்தார். மொத்தம் 429 கோடி எண்கள். அன்றைய உலக மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான்! 1981-இல் ஐபி (இணைய நெறிமுறை) நான்காம் பதிப்பாக அது எழுத்தில் வந்தது. முந்திக்கொண்டவர்கள் அள்ளினார்கள்: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஒன்றின் கையிலேயே 1 கோடியே 67 லட்சம் எண்கள் இருந்தன. இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் வந்ததோ 1995 ஆகஸ்ட் 15-இல். 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

நம் தெருக்களுக்கு ஃபைபர் வந்தபோது பந்தி முடிந்திருந்தது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குப் பொதுவாக வைத்தன. உங்கள் பெட்டியின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்களும் கூட்டுக்குடித்தனம்தான். படம் பார்க்க, பணம் அனுப்ப இதனால் தொல்லையில்லை. ஆனால் கடை சிசிடிவியை வெளியூரிலிருந்து நேராக எண் தட்டித் திறக்க முடியாது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் செய்த சேட்டைக்கு, 'நீ மனிதன்தானா?' என்று இணையதளம் உங்களைக் கேட்கும்.

மாற்று 1995 டிசம்பரிலேயே தயார்: ஆறாம் பதிப்பு (ஐபிவி6), 128 பிட். (ஐந்தாம் எண் ஒரு பழைய ஒலி, ஒளி சோதனைக்குப் போய்விட்டது.) இதில் ஒரு வீட்டுக்கு வழக்கமாகத் தரும் சிறு பங்கே 429 கோடியை 429 கோடியால் பெருக்கிய அளவு. ஆனால் பழையதும் புதியதும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. இரண்டையும் சேர்த்தே ஓட்டவேண்டும். அந்தச் செலவுக்குத் தயங்கியே உலகம் பல ஆண்டுகளைக் கடத்தியது. இந்தியாவில் கைப்பேசிச் சேவை நிறுவனமான ஜியோ 2016-இல் ஆறாம் பதிப்போடே கடை விரித்தது. இன்று ஆறாம் பதிப்பின் பயன்பாட்டில் நாம் உலகின் முன்வரிசை.

கைப்பேசிக்குக் கிடைத்தது வீட்டுப் பெட்டிக்கும் கிடைக்கட்டும். பெட்டியின் அமைப்பில் ஐபிவி6 அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். வரவில்லையென்றால் இணைப்பு தருபவரிடம் கேளுங்கள். பெட்டியின் பாதுகாப்பு அரணான ஃபயர்வாலை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.