கார்ட்டியே-பிரெசோனின் லைக்காவும் 1950-ன் தென்னிந்தியப் படங்களும்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் காட்சி லென்ஸ் வழியாகத் தெரிவதில்லை. தனிச் சாளரம் ஒன்றில் தெரிகிறது. அதில் இரண்டாகத் தெரியும் உருவம் ஒன்றாகப் பொருந்தும்போது குவியம் சரியாகிறது. உள்ளே அசையும் கண்ணாடி இல்லாததால் கேமரா சிறியது, ஓசை குறைந்தது.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் (1908-2004) இவ்வகை லைக்காவையும் 50 மி.மீ. லென்ஸையுமே பெரிதும் பயன்படுத்தினார், ஃபிளாஷைத் தவிர்த்தார். 1950 ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்து படங்கள் எடுத்தார். அதே மாதம், அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில், பல்லாண்டுகளாகப் படமெடுக்க இசையாதிருந்த அரவிந்தரைப் படமெடுத்தார். அரவிந்தர் அவ்வாண்டு டிசம்பர் 5-ல் மறைந்தார். அமைதி கலையாத அறைகளுக்குள் செல்ல ஓசையற்ற இச்சிறு கருவி ஏற்றதாக இருந்தது.

அக்கால லைக்கா லென்ஸ்கள் 39 மி.மீ. திருகு மரை கொண்டவை. 1954-ல் வந்த எம்3 வேறு பொருத்துமுறைக்கு மாறியது. ஆயினும் மெல்லிய வளையம் ஒன்றை இணைத்தால் பழைய லென்ஸ் அதிலும் இன்றைய டிஜிட்டல் எம் கேமராக்களிலும் இயங்கும். எனவே சேகரிப்பாளர்கள் பலர் இவற்றைக் கொண்டு இன்றும் படமெடுக்கின்றனர். ஏற்காடு போன்ற ஈரமான மலையூர்களில், இருட்டில் பூட்டிவைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல்லுடன் உலர்வாக வைப்பதும் அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதும் அதற்குக் காப்பு.