எட்டு நாள் கேட்டார்கள், நாலு நாள் கிடைத்தது

டாக்டர் சொன்ன சிகிச்சையைத் தொடங்கும் முன்னாலேயே, காசு கொடுக்கிறவர்கிட்ட அனுமதி வாங்கணும். அமெரிக்காவில் இதற்குப் பேர் பிரையர் ஆதரைசேஷன். நம்ம ஊர்ல கேஷ்லெஸ் அட்மிஷனுக்கு அப்ரூவல் வாங்குறோமே, அந்த மாதிரி. இந்த விதிகளைத் திருத்தச் சொல்லி அங்கே பல வருஷமா நடக்கிற சண்டை புரியணும்னா, 1977 ஜனவரிக்குப் போகணும்.

கலிபோர்னியாவில் ஒரு பெண்ணுக்கு ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை. செலவு, வசதி இல்லாதவர்களுக்கான மெடி-கால் என்ற அரசுத் திட்டத்தில். முதலில் அனுமதித்தது 10 நாள். சிக்கல்கள் வந்ததால் இன்னும் 8 நாள் வேணும்னு டாக்டர்கள் கேட்டார்கள். மெடி-கால் ஆலோசகர் 4 நாள் கொடுத்தார். அவர் நோயாளியைப் பார்க்கவே இல்லை. எல்லாம் போனில் முடிந்தது. 4 நாள் முடிந்ததும் டிஸ்சார்ஜ். 9 நாள் கழித்துத் திரும்பி வந்தார். அடுத்த மாதம் காலை எடுக்க வேண்டியதாயிற்று.

வழக்கு போட்டார். ஜூரி அவர் பக்கம். ஆனால் 1986-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: வீட்டுக்கு அனுப்பியது டாக்டரின் முடிவு, நாலு நாள் போதாதுன்னு அவர் எதிர்த்துக் கேட்கவில்லை, அதனால் பொறுப்பும் அவருடையது. அனுமதி முறையே கோளாறாக இருந்தால் காசு கொடுக்கிறவரும் பதில் சொல்லணும்னு அதே தீர்ப்பு சொல்லுது. ஆனா இங்கே அப்படி இல்லைன்னு மெடி-காலை விட்டுட்டாங்க.

எனக்கு இது உறுத்துது. எங்க வேலையில கோடை அப்ரூவ் பண்ணினவர் பேர் லாக்ல இருக்கும். சிஸ்டம் விழுந்தா அவரையும் கூப்பிடுவாங்க. இங்கே 'வேண்டாம்'னு சொன்னவரைக் கூப்பிட ஆளே இல்லை!

பிறகு வந்த திருத்தங்கள் பெரும்பாலும் நேரத்தையும் ஃபைலையும்தான் தொட்டன. டெக்சாஸ் கொஞ்சம் வித்தியாசம். அங்கே 2021 சட்டப்படி, ஒரு சிகிச்சைக்கு 90% அனுமதி வாங்கிய டாக்டர் அதற்கு இனி கேட்கவே வேண்டாம். எனக்குப் பிடிச்சது இதுதான்.

2024 ஜனவரியில் மத்திய அரசு விதி வந்தது. மெடிகேர் அட்வான்டேஜ், மெடிக்கெய்ட் போன்ற திட்டங்கள் 2026 முதல் அவசர விண்ணப்பத்துக்கு 72 மணி நேரத்திலும் மற்றதுக்கு 7 நாளிலும் பதில் தரணும். மறுத்தால் குறிப்பான காரணம் எழுதணும். 2027-க்குள் ஏபிஐ வழியா விண்ணப்பம் வாங்கணும்; ஃபேக்ஸ் குறையும், சந்தோஷம். ஆனா மருந்துகள் இந்த விதியில் இல்லை. கம்பெனி வழியா இன்சூரன்ஸ் வாங்கியிருக்கும் கோடிக்கணக்கான பேரும் இல்லை.