பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றிய கப்பல்



மலாக்காக் கடற்கரையில் நின்று பார்த்தால், தொலைவில் சரக்குக் கப்பல்கள் நீரிணையைக் கடந்து செல்வதைக் காணலாம். நம் முன்னோரைச் சுமந்து வந்த ரஜூலாவைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லியிருப்பார்கள். சரக்குக் கப்பலின் கதையைச் சொல்வார் இல்லை. ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற சரக்குக் கப்பலின் வரலாற்றை இன்று கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரிட்டனின் கப்பல்களை ஓயாமல் மூழ்கடித்து வந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட, கனடாவில் ஒரே அச்சில் வார்த்தாற்போல ஏராளமான கப்பல்களைக் கட்டினார்கள். இது 1942-இல் பிரின்ஸ் ரூப்பர்ட் என்னும் ஊரில் கட்டப்பட்டது. நீராவியால் ஓடுவது; மணிக்குப் பத்துப் பதினொரு கடல் மைல்தான் செல்லும். ஆனால் வயிறு பெரிது.

1944 பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து சுமார் 1,400 டன் வெடிபொருள், போர் விமானங்கள், தங்கக் கட்டிகள் ஆகியவற்றோடு புறப்பட்டது. விமானங்களைக் கராச்சியில் இறக்கினார்கள். காலியான இடத்தில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் ஏற்றினார்கள். வெடிமருந்துக்குப் பக்கத்தில் பஞ்சு வைக்கலாமா என்று நம் வீட்டுச் சிறுவனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். ஆனால் போர்க்காலத்தில் கப்பலில் ஓர் அடி இடமும் வீணாகக் கூடாது என்பதே கணக்கு.

ஏப்ரல் 12-இல் கப்பல் பம்பாய் விக்டோரியா துறையை அடைந்தது. 14-ஆம் நாள் பிற்பகல், உணவு முடித்துத் திரும்பிய சரக்குத் தொழிலாளர்கள் புகையைக் கண்டார்கள். இறுகக் கட்டிய பஞ்சு உமியைப் போன்றது. சுடர் தெரியாமல் உள்ளேயே கனலும். தீயணைப்புப் படையினர் நூற்றுக்கணக்கான டன் நீரை இறைத்தும் பயனில்லை. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, கடலுக்கு இழுத்துச் செல்வதா என்று அதிகாரிகள் முடிவுக்கு வரவில்லை. இரண்டு மணி நேரம் போயிற்று.

மாலை 4.06-க்குக் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்தில் மீண்டும் ஒரு வெடிப்பு. பக்கத்தில் நின்ற ஜலபத்மா என்ற கப்பல் கரைமேல் தூக்கி எறியப்பட்டது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டனர். இறந்தவர் தொகையை 800 என்பாரும் உண்டு, 1,300 என்பாரும் உண்டு. தினக்கூலிக்கு வந்தவர்களை யார் பெயரெழுதி வைத்தார்கள்?

செய்தியை அரசு மறைத்தது. ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி மறுநாளே விரிவாக ஒலிபரப்பியது. இந்தியப் பத்திரிகைகளில் வெளிவர மே மாதம் ஆயிற்று.

ஃபோர்ட் ஸ்டிக்கின் உழைத்தது இரண்டாண்டுகூட இல்லை. அதன் தங்கக் கட்டிகளோ, பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் துறைமுகத்தில் தூர்வாரியவர்களுக்குக் கிடைத்தன. எடை போட்டு, கணக்கெழுதி, அவற்றை அரசிடம் ஒப்படைத்தார்கள்.